ஏழாஞ் சால், எட்டாஞ் சால்

இருபத்தி மூணாவது இலை. இதும் அவருதுதான். படத்துக்குக் கீழ பேர் இல்லை, செடிக்கு நடுவால நடக்கற சால் நம்பரும், அதுக்கு எந்தப் பக்கத்துச் செடிங்கற திக்கும், மேல் இலையா கீழ் இலையாங்கறதும், நேரமும் மட்டும்தான் போட்டிருக்குது. யார் தெளிச்ச இலைன்னு தெரிஞ்சா நாங்க பாரபட்சம் பாத்துருவோம்னு மிருதுளா பேரை எல்லாம் மறைச்சு வெச்சிருக்கறா. நல்ல புள்ளைதான், கோயமுத்தூர்ல படிச்சு பெரிய பட்டமெல்லாம் வாங்கியிருக்கறா, ஆனா இருபத்திநாலு வருஷம் ஒருத்தரோட குடித்தனம் பண்ணுனவளுக்கு அவரு கை தெரியாதான்னு மாத்திரம் அவளுக்குத் தோணலை. தெரியுதே அம்மிணி, நான் என்ன பண்ணட்டும். மத்த மூணு பேர் தெளிச்ச இலையில தண்ணி கூடிக் கூடி வழிஞ்சு நுனில தொங்கும். எங்கூட்டுக்காரர் தெளிச்சது ரவை தூவுன மாதிரி இருக்கும், ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம. மணிக்கட்டை லேசா ஒரு திருப்புத் திருப்புவாரு, குழாய் கீழ இருந்து மேல போயி இலைக்கு அடியில அடிச்சிட்டு, பொறவு மேல வந்து ஒரு வீச்சு. பூச்சியெல்லாம் அடியிலதான் குடியிருக்குது, மேல அடிச்சு என்ன பிரயோசனம்பாரு. வேலைன்னா நாட்ராயன் வேலை, அவர் ஒருக்கா மருந்து அடிச்சா மறுக்கா வேண்டியதில்லைன்னு கெணத்துக்கடவுச் சுத்துவட்டாரத் தக்காளிக்காரங்க அத்தனை பேரும் சொல்லுவாங்க. இப்ப அடிச்சது மருந்துகூட இல்லை, சாயம் கலக்குன வெறுந்தண்ணி. இருட்டுப் பெட்டிக்குள்ள இலையை வெச்சு ஊதா லைட்டு போட்டுப் படம் புடிச்சா, இலை கருஞ்சிவப்பாவும் நனைஞ்ச இடம் மாத்திரம் பச்சமஞ்சளா மினுங்கியும் தெரியும். அந்த மினுங்கற இடத்தை எல்லாம் நான் மவுஸ்ல பூசிக் காட்டோணும். அதான் என்ற வேலை. மத்தியானம் சோறுண்டுட்டு ரெண்டு மணிக்கு மறுக்கா உக்காந்தேன், நாலரைக்குள்ள நாப்பது இலை.

நான் பூசறதைப் பாத்துப் பாத்து மிஷின் கத்துக்குதாம். எது ஈரம், எது ஈரம் மாதிரி தெரியற நரம்பு, எது தூசி, எது இலை மேல இருக்கற மசுருன்னு அதுக்கு ஒண்ணும் தெரியாது, எல்லாமே மினுங்கறது, அவ்வளவுதான். மனுசக் கண்ணு ஒண்ணு பக்கத்துல உக்காந்து இது இது இதுன்னு தொட்டுக் காட்டுனா, ஆயிரம் இலை காட்டி முடிச்சதும், ஆயிரத்தி ஒண்ணாவது இலையைத் தானாவே பாத்து நூத்துக்கு இத்தனை பங்கு நனைஞ்சிருக்குதுன்னு சொல்லிருமாம். இலை நனையாத எடத்துல மருந்து இல்லை, வழிஞ்சு கீழ போனது மண்ணுக்கு, அதனால பாதி மருந்துலயே வேலையை முடிச்சரலாம்கறாங்க. முடிச்சா நல்லதுதான், அந்த நாத்தத்தை அவர் பாதியாச்சும் கொறைச்சு மோந்துக்குவாரு. எனக்கு இந்த வேலை கெடச்சதே திருப்பூருனாலதான். ஏழு வருஷம் பனியன் கம்பெனில செக்கிங்ல நின்னவ நான், ஊசி மொனை அளவு எண்ணெய்க் கறை இருந்தாலும் துணி என்ற மேசையைத் தாண்டாது. மிருதுளா ஒரு இலையைக் காட்டி இதுல ஈரம் எங்கக்கான்னு கேட்டா, நான் விரலை வெச்சு வெச்சுக் காட்டிட்டேன், அப்பவே நாளைக்கு வந்துருங்கக்கான்னுட்டா. அவருக்குத்தான் ஒரே இளக்காரம். இருபத்திநாலு வருஷத்துல என்ற மூஞ்சிய ஒரு நாளாச்சும் இப்படி உத்துப் பாத்திருப்பியாடி, நான் தண்ணி தெளிச்ச இலையைப் போயி இந்தப் பார்வை பாக்கறியேன்னு கேட்டாரு. உங்க மூஞ்சில பாக்கறதுக்கு என்ன மினுங்குதுன்னு கேட்டேன். சிரிச்சு சிரிச்சுப் பொறையேறிப் போச்சு அவருக்கு. ஆனா தினமும் பொழுதோட வேலை முடிஞ்சு தண்ணி வாத்துக்கிட்டு வந்து, ஈரத் தலையோட மொதல்ல கேக்கறது, நம்ம இலை எப்படிங்கறதுதான். சும்மா கேக்கற மாதிரி துண்டை ஒதறிக்கிட்டே கேப்பாரு. இலை நனைஞ்ச அளவுக்கு மார்க் போட்டு, நாலு பேர்ல ரெண்டு பேரைத்தான் மிருதுளாவோட கம்பெனில வெச்சுக்குவாங்க, வெச்சுக்கிட்டு ஊர் ஊராக் கூட்டிட்டுப் போயி மத்தவங்களுக்குக் கையைத் திருப்பக் கத்துக்குடுக்கச் சொல்லுவாங்க. பதினாறு லிட்டர் டேங்கை முதுகுல தூக்கற வேலை இனி வேண்டியதில்லை. நாப்பத்தொம்பது வயசுல அந்த மனுசன் ஆசைப்பட்டு நான் பாத்த ஒரே விஷயம் இதுதான். நல்லா நனைஞ்சிருக்குது மாமான்னு சொல்லுவேன். ம்ம்னு ஒரு சத்தம் வரும். அந்த ம்ம்ல அத்தனை சந்தோசம் இருக்கும்.

மொதல் காஞ்ச இலை வந்தது மூணு வாரம் முந்தி, ஒரு செவ்வாக்கெழமை. ரவை தூவுன மாதிரி அழகா வந்து, பாதில நின்னு போயிருந்துச்சு. மேல் பாதி ஒண்ணுமே இல்லை, செவப்பா, மொட்டையா, நரம்பு மாத்திரம் லேசா மினுங்கிட்டு. எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு. அவரு இலையில காஞ்ச எடமா. காத்தா இருக்கும்னு நெனச்சேன். ஆடி வந்தா பாலக்காட்டுப் பக்கமிருந்து அடிக்கற காத்துல ஆளே நிக்க முடியறதில்லை, தண்ணித் தூவல் எங்க நிக்கும். காத்துக்கு இந்த மனுசன் என்ன பண்ணுவாரு, அதுக்குப் போயி மார்க்கைக் கொறைச்சா அது நாயமான்னு தோணுச்சு. கை தானாப் போச்சு. மினுங்குன நரம்பு மேல ரெண்டு பூச்சு பூசிட்டேன், அதும் ஈரம்தான்கற மாதிரி. ரெண்டே பூச்சு. பரிட்சைல பக்கத்துப் புள்ளைக்கு விடை காட்டறப்ப நெஞ்சு அடிச்சுக்குமே, அப்படி அடிச்சுது. மிருதுளா திரும்பிக்கூடப் பாக்கலை. அடுத்த நாள் இன்னொண்ணு வந்துச்சு. அதுக்கும் பூசுனேன். இப்படியே போயி இப்ப எத்தனைன்னு எனக்கே தெரியலை. திருப்பூர்ல ஏழு வருஷத்துல ஒரு பீஸு தப்பா விட்டதில்லை நான், சூப்பர்வைசர் கெஞ்சுனாலும் விட்டதில்லை, வசந்தாமணி கிட்ட போனா துணி திரும்பி வந்துரும்பாங்க. அந்த வசந்தாமணிதான் காஞ்ச இலைக்குத் தண்ணி காட்டிட்டு உக்காந்திருக்கறேன். புருசன் மேல இருக்கற ஆசை எங்கெங்கயோ போயி நிக்குது பாரு. ஆசைன்னே சொல்லிக்கறேன், வேற யாருக்குக் கேக்கப் போகுது. கல்யாணமான புதுசுல அவரு கிட்ட வந்தாலே எனக்கு மருந்து வாடை கொமட்டும். வாயத் தொறந்து நான் சொல்லலை. மூணாவது மாசம் புள்ளை வயித்துல இருக்கறப்ப அவரு வாசல் ஏறுனதும் வாந்தி எடுத்தேன். அன்னிலிருந்து இன்னிக்கு வரைக்கும் தோட்டத்துக் கெணத்துலயே சீயக்கா போட்டுத் தேச்சுத் தண்ணி வாத்துக்கிட்டு, வேற சட்டை மாத்திக்கிட்டுத்தான் ஊட்டுக்கு வர்றாரு. மழை பேஞ்சாலும் அப்படித்தான், காய்ச்சலடிச்சாலும் அப்படித்தான். ஏன்னு நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. நான் என்ன பண்ணுனேன், கம்பெனில கழிச்சுப்போட்ட பனியன் துணியில மூஞ்சிக்குக் கட்டிக்க நாலு மடிப்புல மாஸ்க் தெச்சுத் தெச்சுக் குடுத்தேன். மத்தவங்களெல்லாம் வேட்டித்தலைப்பக் கட்டிக்கிட்டு அடிக்க, இவரு மாத்திரம் கலர் கலரா மாஸ்க் போட்டுக்கிட்டு நிப்பாரு. ரோஸ் கலர்கூட ஒண்ணு இருந்துச்சு. கேலி பண்ணுனவங்ககிட்ட, ஊட்ல குடுத்தது, கட்டலைன்னா சோறு இல்லைன்னாராம்.

இன்னிக்குக் காத்தால மிருதுளா மூஞ்சியே சரியில்லை. அக்கா, இங்க வாங்களேன்னு கூப்பிட்டா. அவ கம்ப்யூட்டர்ல ஒரு இலை. தண்ணியே தெளிக்காத இலைக்கா இது, சும்மா பறிச்சு வெச்சுப் படம் புடிச்சேன், மிஷின் என்ன சொல்லுதுன்னு பாருங்க, நூத்துக்கு அறுபத்தொண்ணாம். சிரிக்கலாம்னு வாயைத் தொறந்தேன், சிரிப்பு வரலை. நரம்பைப் பூராவும் ஈரம்னு சொல்லுதுக்கா, எப்படித்தான் இதைக் கத்துக்கிச்சோ தெரியலை, போன மாசம் நல்லாத்தான் இருந்துச்சு, வர்ற திங்கக்கெழமை தோட்டத்துக்காரங்க கைக்குப் போகுது, காஞ்ச செடியைக் காட்டி நனைஞ்சிருக்குதுன்னு சொன்னா அவங்க அப்படியே நம்பி விட்ருவாங்க, ஒரே வாரத்துல தோட்டம் காலியாயிருங்க்கா. விரல் நகத்தைக் கடிச்சுக்கிட்டே சொல்றா. எங்கயாச்சும் நான்தான் தப்புப் பண்ணியிருப்பேன்னு வேற சொல்றா. நான் சொல்லிருக்கோணும். அந்த நிமிசமே, அம்மிணி அது நீ இல்லை நான்னு சொல்லிருக்கோணும். டீ குடிச்சியாம்மான்னு கேட்டேன். சொன்னா என்ன ஆகும். ஏன் பூசுனீங்கன்னு கேப்பா. எங்கூட்டுக்காரர் இலை காஞ்சிருந்துச்சுன்னு சொல்லோணும். அப்பறம் அவரை யாரு வெச்சுக்குவாங்க. துண்டை ஒதறிக்கிட்டே நம்ம இலை எப்படின்னு கேக்கறப்ப நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பதில் சொல்றது. ஆனா சொல்லலைன்னா, யாரோ பொண்டு புள்ளைகளோட தக்காளி நட்டவன் தோட்டம் போயிரும். ரெண்டு பூச்சுதானே பூசுனேன், ரெண்டு பூச்சு இத்தனை தூரம் போகுமா. போயிருக்குதே. கொழந்தைக்குத் தப்பா ஒரு வார்த்தை சொல்லிக்குடுத்துட்டா அது ஊர் பூராவும் அதையே சொல்லிட்டுத் திரியுமே, அப்படித் திரியுது இது. மிஷின் மேல கோவமா வந்துச்சு. நான் சொன்னதை அப்படியே நம்பிருச்சே, ஒரு வார்த்தை திருப்பிக் கேக்கலையே.

சரி, இனிமே உள்ளதை உள்ளபடி பூசறது. அதையாச்சும் பண்ணலாம். இருபத்தி மூணைப் பூசிட்டேன், நல்லாவே இருக்குது. இருபத்தி நாலு. ஏழாஞ் சால், மேக்கு, மேல் இலை, ஒம்பது பத்துக்கு. இதும் அவருதுதான். இதும் காஞ்சிருக்குது. சொல்லி வெச்ச மாதிரி பாதியில நிக்குது. கை நரம்புப் பக்கம் போச்சு, இழுத்துக்கிட்டேன். காத்து. மேக்கால இருந்து காத்து அடிக்கறப்ப, மேக்குப் பக்கத்துச் செடிக்கு அடிச்ச தண்ணி திரும்பி மூஞ்சிக்கே வந்திருக்கும். பாவம் அவரு. இருபத்தி அஞ்சு. எட்டாஞ் சால், மேக்கு, ஒம்பது இருபது. நல்லா நனைஞ்சிருக்குது, பாக்கவே அழகா இருக்குது. காத்து அதுக்குள்ள நின்னுருச்சா. இருபத்தி ஆறு. எட்டாஞ் சால், கெழக்கு, ஒம்பது இருபது. காஞ்சிருக்குது. இது எப்படி. காத்து கெழக்கால இருந்து அடிச்சா இது காயலாம். பத்து நிமிசத்துல காத்து திரும்பி நின்னுதா. ஆடியில காத்து திரும்பாது, நான் பொறந்து வளந்த ஊர் இது. போன வாரமெல்லாம் மேக்கு காஞ்சா காத்து, கெழக்கு காஞ்சா காத்து திரும்பிருச்சுன்னு சொல்லிச் சொல்லிப் பூசியிருக்கறேன், ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்து நின்னதில்லை. அப்ப குழாய் மொனையில இருக்கற நாசில். நாசில் அடைச்சிருந்தா ரெண்டு பக்கமும்தானே கெடும், ஒரே குழாயிலதானே ரெண்டு பக்கமும் அடிக்கறாரு. எட்டாஞ் சால்ல மேக்கு அத்தனை அழகா இருக்குதே. தோள்பட்டை வலியா. வலியா இருந்தா ரெண்டு கைப்பக்கமும் மேல் இலை காயோணும். காத்து இல்லை, நாசில் இல்லை, தோள் இல்லை. எங்க வெக்கறது இதை.

மவுஸை விட்டுட்டுக் கண்ணை மூடிப் பாத்தேன். அவருக்குச் சோத்துப் போசி கொண்டு போன தோட்டம்தானே அது. தெக்கால மோட்டார் ரூம். அங்கதான் டேங்க் ரொப்புவாரு. ஒத்தப்படைச் சால்ல வடக்கால பாத்துப் போவாரு, கடைசி வரைக்கும் போயித் திரும்பி ரெட்டைப்படைச் சால்ல தெக்கால பாத்து வருவாரு, ஒரு நாளும் மாத்த மாட்டாரு. சால்ல நடந்துக்கிட்டே ரெண்டு கைப்பக்கத்துச் செடிக்கும் அடிப்பாரு. ஏழாஞ் சால்ல வடக்க பாத்துப் போறாரு. மேக்கு எந்தக் கை. இடது கை. எட்டாஞ் சால்ல தெக்க பாத்து வர்றாரு. கெழக்கு எந்தக் கை. உக்காந்த எடத்துலயே நான் அவரு மாதிரி திரும்பி உக்காந்து பாத்தேன், மிருதுளா என்னக்காங்கறா, ஒண்ணுமில்லைங்கறேன். அதும் இடது கை. போறப்பவும் இடது, வர்றப்பவும் இடது. திக்கு மாறுது, காத்து மாறலை, நாசில் மாறலை, அவரோட இடது மாத்திரம் கூடவே போயிக் கூடவே வருது. பழைய படத்தை எல்லாம் தொறந்தேன். அஞ்சாஞ் சால் மேக்கு. பன்னெண்டாஞ் சால் கெழக்கு. மூணாஞ் சால் மேக்கு. பத்தாஞ் சால் கெழக்கு. நான் பூசுனது அத்தனையும். ஒண்ணுகூட வலது கைப்பக்கம் இல்லை. அதும் கிட்ட இருக்கற இலை நல்லாத்தான் இருக்குது, ஓரத்துல, ஒதுங்கி நிக்கற இலைதான் காஞ்சிருக்குது. அவரு அதை விட்டுட்டுப் போகலை. அப்படி விட்டுட்டுப் போற ஆளில்லை அவரு. அங்க ஒரு இலை இருக்குதுன்னே அவருக்குத் தெரியலை.

அவரு அண்ணன் வேலுச்சாமி. அவரு நெனப்புத்தான் வந்துச்சு. நல்லாத்தான் இருந்தாரு அவரு, பேப்பர் படிப்பாரு, ஊசில நூல் கோப்பாரு, நேரா இருக்கறது எல்லாம் தெரிஞ்சுது. பக்கத்துல வர்ற வண்டி தெரியலை. ஒரு நாள் மாடு மேல மோதி உழுந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனப்பத்தான் டாக்டர் சொன்னாரு, கண்ணுல அழுத்தம் ஏறி ஓரத்துல இருந்து கருகிக் கருகி நடு வரைக்கும் வந்திருச்சு, வலி இருக்காது, ஓரம் போறது அவங்களுக்கே தெரியாது, போனது போனதுதான், மிச்சத்தைத்தான் காப்பாத்தலாம்னு. மிச்சம்னு அவருக்குப் பெருசா ஒண்ணும் இல்லை. அம்பத்திரெண்டு வயசு. கூடப் பொறந்தவங்களும் வந்து பாத்துக்கோணும்னு அன்னிக்கே டாக்டர் சொன்னாரு. தக்காளி பறிப்பு நடந்துட்டு இருந்துச்சு. பொறவு போலாம்னாரு எங்கூட்டுக்காரர், சரின்னேன். நாலு வருஷமாச்சு பொறவு. அப்ப, போன மாசம் இடது கைப்பக்கத்துல காப்பியை வெச்சிட்டு நான் துணி தொவைக்கப் போயி வந்தா, இன்னிக்குக் காப்பி போடலையான்னு கேட்டாரே. கண்ணு என்ன பொடனிலயா இருக்குதுன்னு கத்துனேன். பக்கத்து ஊட்டு ராசாத்தியக்கா, உன்ற புருசன் இப்பல்லாம் பாத்தும் பாக்காத மாதிரி போறாரு, கம்பெனி வேலைன்னதும் கெத்து வந்துருச்சான்னு கேட்டா. அதுக்கும் அவரைத்தான் ஏசுனேன். கதவு நெலையில இடது தோளை இடிச்சுக்கிட்டு நின்னாரே, குடிச்சீங்களான்னு கேட்டேனே, அப்படிக் கேட்ட என்ற வாயில எதையாச்சும் போட்டு அடைச்சிருக்கக் கூடாதா. இலை மூணு வாரமா சொல்லியிருக்குது. தெனமும் வந்து என்ற கண்ணுக்கு நேரா நின்னு, உன்ற புருசனுக்கு இந்தப் பக்கம் தெரியலைடின்னு சொல்லியிருக்குது. நான் அது வாய் மேலயே பூசியிருக்கறேன். அவரு பேர் கெட்டுறக்கூடாதுன்னு பூசுனேன். பேரைக் காப்பாத்தறேன்னுட்டு அவரு கண்ணுல மூணு வாரத்தைத் தின்னுட்டேன். மூணு வாரத்துல எத்தனை கருகியிருக்கும். ஒரு நூலளவு. அந்த நூலளவு அவருக்கு யாரு திருப்பிக் குடுப்பா.

எந்திரிச்சுட்டேன். மணி நாலு பத்து. மிருதுளா கிட்டப் போயி நின்னேன். அம்மிணி, நரம்பு ஈரம்னு அந்த மிஷினுக்குச் சொல்லிக்குடுத்தது நான்தான்னேன். அவ புரியாமப் பாத்தா. எங்கூட்டுக்காரர் இலை எதுன்னு எனக்குத் தெரியும், காஞ்சிருந்த எடத்துல எல்லாம் நரம்பு மேல பூசிட்டேன், அவரு வேலை போயிரக்கூடாதுன்னு, எல்லாத்தையும் அழிச்சிரு, நீ ஒரு தப்பும் பண்ணலை. கோவிச்சுக்குவாள்னு நின்னேன். பேரைத்தான் மறைச்சேன், கையை எப்படிக்கா மறைக்கறதுன்னா மெதுவா. பொறவு, எல்லாத்தையும் அழிக்க வேண்டாங்க்கா, நாட்ராயன் அண்ணன் இலையை மாத்திரம் எடுத்துட்டுத் திரும்பப் பூசுனாப் போதும், திங்கக்கெழமை தள்ளிப் போகும், நான் பேசிக்கறேன், நீங்களே பூசறீங்களான்னு கேட்டா. பூசறேன், உள்ளதை உள்ளபடி பூசறேன், ஆனா இன்னிக்கு முடியாது கண்ணுன்னேன். ஏழாஞ் சாலையும் எட்டாஞ் சாலையும் அவளுக்குத் திரையில காட்டி, ரெண்டும் அவருக்கு இடது கைப்பக்கம், அவங்க கூடப் பொறந்தவருக்குக் கண்ணு இப்படித்தான் போச்சுன்னேன். காட்டக் காட்ட அவ மூஞ்சி மாறிப்போச்சு. அண்ணனை உடனே கூட்டிட்டுப் போங்கக்கான்னா. அப்ப அவரு வேலைன்னு இழுத்தா. கண்ணு இருந்தா வேலை எதாச்சும் இருக்கும் அம்மிணின்னு சொல்லிட்டுப் பையை எடுத்துக்கிட்டேன். சொன்ன கையோட படி எறங்குனேன்.

என்னையக் கூட்டிட்டுப் போக, கீழ வேப்பமரத்து நெழல்ல வண்டியை நிறுத்திட்டு எங்கூட்டுக்காரர் காத்திருந்தாரு. தலை இன்னும் ஈரமா, வெளுத்த சட்டை, சீயக்கா வாசம். அவருக்கு வலது பக்கமா வந்தா உடனே பாத்துச் சிரிப்பாரு. நான் வேணும்னே மரத்தைச் சுத்தி இடது பக்கமா வந்தேன். ஒரு முழம் தள்ளி நின்னேன். ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்கறாரு. கையைத் தூக்குனேன். ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்கறாரு. இருபத்திநாலு வருஷமா என்ற கொலுசுச் சத்தத்துக்குத் திரும்பற மனுசன், கொலுசு போடாம வந்த இன்னிக்கு நான் நிக்கறதே தெரியாம இருக்கறாரு. மாமான்னேன். திடுக்குன்னு கழுத்தைப் பூராவும் திருப்பி, நீ எப்ப வந்தேன்னாரு. பொறவு அதே கேள்வி, நம்ம இலை எப்படி. எத்தனை நாள் பொய் சொன்ன வாய் இது. உங்க இடது கைப்பக்கம் நனையறதில்லை மாமான்னேன். நாசிலைப் பாக்கோணும்னாரு. நாசில் இல்லை. காத்துன்னாரு. காத்தும் இல்லை, போறப்பவும் இடது காயுது, வர்றப்பவும் இடதுதான் காயுது, உங்க அண்ணனுக்கு ஆன மாதிரி இருக்குதுன்னு சொல்லிட்டேன். சொல்லி முடிச்சதும் அவரு சிரிச்ச வாய் அப்படியே நின்னுது. இடது கையைக் கண்ணுக்கு நேரா நீட்டி, மெதுவா ஓரத்துக்குக் கொண்டு போனாரு. கொஞ்ச தூரம்தான். அங்கயே நிறுத்திட்டு, முன்னால கொண்டாந்து, மறுக்காவும் கொண்டு போனாரு. எத்தனை நாளாத் தெரியும்னு கேட்டாரு. இலைக்கு மூணு வாரமாத் தெரியும், எனக்கு இப்பத்தான், நான்தான் உங்க மேல இருக்கற ஆசையில பூசி மறைச்சுட்டேன், என்னைய நாலு ஏச்சு ஏசிக்கங்க, ஆனா வண்டில ஏறிட்டு ஏசுங்க, பொள்ளாச்சில கண்ணு டாக்டர் ஏழு மணி வரைக்கும் இருப்பாரு, சாவியைக் குடுங்க. பொம்பளை ஓட்டற வண்டில பின்னால உக்காந்து அவரு ஊருக்குள்ள போனதில்லை. எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்குடுத்ததே அவருதான், ஆனா கூட வந்தா அவருதான் ஓட்டோணும். எதுத்தாப்ல டீக்கடைல நாலு பேர் பாத்துட்டு இருந்தாங்க. அவரு அவங்களையும் பாத்தாரு, சாவியையும் பாத்தாரு. ஏசலை. சாவியை என்ற கையில வெச்சு, கையை எடுக்காம கொஞ்ச நேரம் அப்படியே புடிச்சிருந்தாரு. நான் வண்டியைக் கெளப்புனேன். பின்னால ஏறி உக்காந்தவருக்குக் கையை எங்க வெக்கறதுன்னு தெரியலை, சீட்டைப் புடிச்சாரு, விட்டாரு, கம்பியைத் தேடுனாரு, கடைசில என்ற தோள்ல வெச்சாரு. கெட்டியாப் புடிச்சுக்கங்க மாமான்னேன். புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கறேன், நீ ஓட்டுன்னாரு.